மேடம் சைட்ல இருக்காங்க

ஜூன் 9

அன்புள்ள காம்பஸ்,

நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம். உன் அம்மாவும் சுகம். அவருடைய வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மழைக்காலம் வரப்போகிறது என்று இருவருமாகப் பிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றினோம். போன வருஷம் காலுக்கு இரண்டு கல். இந்த வருஷம் மூன்று. மொத்தம் பன்னிரண்டு. இனி மேல்தட்டிலிருந்து எதையாவது எடுக்க ஸ்டூல் போட வேண்டும். "இந்த வீட்டுல வருஷா வருஷம் வளர்றது பிரிட்ஜ் ஒண்ணுதான்" என்றார். நீ அங்கே குட்டியைப் பிடித்து நிறுத்தி அவன் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைப்பதாகச் சொன்னாயே, அம்மா இங்கே தண்ணீரின் உயரத்துக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறார். போன வருஷக் கோடு தரையோரப் பிளக் பெட்டிக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது.

போனில் சொல்ல முடியாத ஒன்றுக்காக இந்த மெயிலை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன். கல்லூரியிலிருந்தே உன்னோடு எனக்கு இதுதான் தொல்லை.

உங்கள் தெருவுக்குப் புது வடிகால் கட்டுவது என்று மாநகராட்சி கடைசியில் முடிவெடுத்துவிட்டது. கட்டுவதற்கு முன் யாராவது அளந்து, கணக்குப் போட்டு, வரைந்து தர வேண்டும். அதை நாங்களே செய்வதில்லை. எங்களிடம் அதற்கு ஆளில்லை. ஆளிருந்த காலத்து மேஜைகள் இருக்கின்றன. வெளியே இருக்கும் கன்சல்டன்சிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அமர்த்துவோம். சிமெண்டு மூட்டை மாதிரி யார் குறைந்த விலைக்குத் தருகிறார்களோ அவர்களிடம் வடிவமைப்பை வாங்கக் கூடாது என்பது விதி. தகுதிக்கு மட்டும் மார்க் போட்டு, முதலில் வருகிறவரைக் கூப்பிட்டு அதற்கப்புறம்தான் கட்டணம் பேசுவோம். படிக்க நல்ல விதிதான். மார்க் போடும் கையைப் பற்றித்தான் விதி ஒன்றும் சொல்வதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கமிட்டியில் பென்சிலால் மார்க் போடுவார்கள். தாள் செயற்பொறியாளர் அறைக்குள் போய்விட்டு வெளியே வரும்போது இன்னொரு மார்க் இருக்கும். மூன்று வருஷம் பார்த்து வெறுத்துப்போய், போன வருஷம் நானே ஒரு அட்டவணை தயாரித்தேன். இத்தனை வருஷ அனுபவத்துக்கு இத்தனை மார்க், இத்தனை வேலை முடித்திருந்தால் இத்தனை, செயல்திட்டத்தில் கால அட்டவணை இருந்தால் இத்தனை, வரைபடம் இருந்தால் இத்தனை. எவருடைய மனசுக்கும் அதில் இடமில்லை. காகிதத்தில் இருந்தால் மார்க் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உன் நீளக் கால்களுக்காக நான் உன்னைக் காம்பஸ் என்றதற்குப் பதிலாக, எதையும் அழித்து அழித்து எழுதுகிறேன் என்று எனக்கு ரப்பர் என்று பெயர் வைத்தாய். அந்த ரப்பர் செய்த அட்டவணையில் ரப்பருக்கு வேலையே கிடையாது. கமிஷனர் அதில் கையெழுத்திட்ட அன்று நான் தனியாகப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்கூட.

உங்கள் தெரு வேலைக்கான கமிட்டியில் செயற்பொறியாளர், கணக்குப் பிரிவு அதிகாரி, நான் என்று மூன்று பேர். போட்டியிடுபவர்களில் எங்களுக்கு உறவினரோ நெருங்கிய நண்பரோ இல்லை என்று புதன்கிழமை உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். வியாழக்கிழமை கவர்களைப் பிரித்தோம். மொத்தம் மூன்று. மூன்றாவது கவரில், ஆறாவது பக்கத்தில், நீ இருந்தாய்.

நீ வேலை பார்த்த அதே நிறுவனம். குழுத் தலைவர் என்ற தலைப்பின் கீழ் உன் முழுப்பெயர். பதினேழு வருஷ அனுபவம். கணக்கு உதைக்கக் கூடாதே என்று உன் பிறந்த வருஷத்தையும் ஒன்பது வருஷம் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். உனக்கு முப்பத்தொன்பது வயது, வாழ்த்துகள். ஏழு வடிகால், இரண்டு பாலம், ஒரு நீரேற்று நிலையம். "தற்போது முழுநேர ஊழியர், இந்நகரிலேயே வசிப்பவர்." போட்டோ நாம் இறுதியாண்டில் மாடிப்படியில் எடுத்தது. என்னை வெட்டிவிட்டார்கள். ஆனால் சரியாக வெட்டத் தெரியவில்லை. ஓரத்தில் என் தோளும் அந்தப் பச்சைத் துப்பட்டாவும் ஒரு விரலளவு நிற்கின்றன. நான் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கே" என்றார் செயற்பொறியாளர். ஏசி ஜாஸ்தி சார் என்றேன்.

கீழே உன் கையெழுத்து. அதன் முதல் எழுத்தின் வால் உன்னுடையது மாதிரியே கீழே இறங்கிச் சுழிக்கிறது.

காம்பஸ், ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது உனக்குத் தெரியுமா. தெரியாது என்றால் அப்படி எழுதிவிடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். மார்க் போடும் கூட்டம் இருபத்தேழாம் தேதி.

குட்டிக்கு என் முத்தம்.

உன்,
ரப்பர்


ஜூன் 19

அன்புள்ள காம்பஸ்,

உன் பதில் கிடைத்தது. குட்டிக்குப் பல் முளைத்ததும், வாஷிங் மெஷின் ரிப்பேரானதும், பக்கத்து வீட்டுக்காரி கதவை அறைந்து சாத்துவதும் படித்தேன். கடைசி வரியையும் படித்தேன். "அதை விடுடி, எல்லாரும் பண்றதுதானே."

நான் கேட்டதற்கு இது பதில் இல்லை. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. தெரியாதவள் முதலில் கோபப்படுவாள். நீ வாஷிங் மெஷினில் ஆரம்பித்திருக்கிறாய்.

எல்லாரும் பண்ணுவது உண்மைதான். நான் செயற்பொறியாளரிடம் போய், சார், இந்தக் குழுத் தலைவர் இந்த ஊரிலேயே இல்லை, எனக்குத் தெரிந்தவர், நாலு வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மிக அன்பாகப் பேசினார். "பேப்பர்ல பதினேழு வருஷம்னு இருக்கா? இருக்கு. டேபிள்ல அதுக்கு இருபது மார்க்குன்னு இருக்கா? இருக்கு. நம்ம மனசுல பட்டதுக்கெல்லாம் மார்க் போடக் கூடாதுன்னு சண்டை போட்டு வாங்கினது நீதானேம்மா." பிறகு ஒரு அப்பா மாதிரி விளக்கினார். ஒப்பந்தம் ஆனதும் அவர்களே ஒரு கடிதம் கொடுப்பார்களாம், சொந்தக் காரணங்களால் குழுத் தலைவர் விலகிவிட்டார், இணையான தகுதியுள்ள வேறொருவரை நியமிக்கிறோம் என்று. "கல்யாண வீட்டு போட்டோவில இருக்கிறவங்க எல்லாரும் குடித்தனம் பண்ணவா வராங்க" என்றார். எழுத்தில் கொடுத்தால் விசாரிக்கலாம், ஆனால் அந்தப் பெண்ணே எழுதித் தர வேண்டும், நீ சொன்னால் அது வெறும் பேச்சு என்றார். அப்படியே, புதன்கிழமை படிவத்தில் நெருங்கிய நண்பர் யாருமில்லை என்று எழுதினதை ஞாபகம் வைத்துக்கொள் என்றும் சொன்னார். அதையும் அன்பாகத்தான் சொன்னார்.

நேற்று மூன்று நிறுவனங்களும் வந்து தங்கள் திட்டத்தை விளக்கின. உன் நிறுவனத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். திரையில் நிறைய அம்புக்குறிகள் ஓடின. அலைகள் ஏறும் நேரத்தில் கடல் நீர் வடிகாலுக்குள் நுழையாமல் தடுப்போம் என்றார். கடல் நமக்கு எத்தனை தூரம் என்று உனக்குத் தெரியும். வேறு ஏதோ ஊருக்கு எழுதியதில் தெருப்பெயரை மாற்றியிருக்கிறார்கள், கடலை மாற்ற மறந்துவிட்டார்கள். குழுத் தலைவர் ஏன் வரவில்லை என்று நான் கேட்டேன். அவர் இமைகூட அசைக்காமல், "மேடம் சைட்ல இருக்காங்க. அங்க டவர் கிடைக்காது" என்றார். அதே நேரத்தில் என் போன் மேஜை மேல் ஒருமுறை அதிர்ந்தது. நீ அனுப்பிய படம். பூங்காவில் குட்டியைச் சறுக்குமரத்தின் உச்சியில் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். மேடம் சைட்டில்தான் இருந்தாய்.

இரண்டாவதாக வந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்காரர், சின்ன அலுவலகம், அவரும் இரண்டு பேரும்தான். இடுப்பில் எப்போதும் அளவு டேப் மாட்டியிருப்பதால் எங்கள் ஆபீசில் டேப்காரர் என்று பெயர். கவர் கொடுப்பதற்கு முன்பே உங்கள் தெருவுக்கு இரண்டு முறை போயிருக்கிறார். உன் அம்மா நாற்காலி போட்டு உட்காரவைத்து, சுவரில் இருக்கும் கோடுகளைக் காட்டியிருக்கிறார். "தண்ணி மேலேர்ந்து வரலைங்க, ஓடையிலேர்ந்து திரும்பி வருது. இருபது வருஷமா சொல்றேன், கேக்கத்தான் ஆளில்ல" என்றாராம். இவர் கேட்டிருக்கிறார். ஓடைவரை நடந்து போய் வடிகாலின் வாயை அளந்திருக்கிறார். மழை நாளில் ஓடையின் மட்டம் உங்கள் தெருவைவிட உயரம். வடிகாலைப் பெரிதாக்கினால் திரும்பி வரும் தண்ணீருக்குத்தான் வசதி. சந்தைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய்த் தாழ்வான இடத்தில் விட வேண்டும் என்று ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார். அவர் சொன்னபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும் இன்ஜினியர்தானே. உங்கள் வீட்டில் எத்தனை மழைக்கு வாளியும் துணியுமாக நின்றிருக்கிறேன், ஒருநாளும் ஓடைப்பக்கம் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆனால் அந்த ஒன்பது பக்கத்தில் கால அட்டவணை இல்லை. அம்புக்குறி வரைபடம் இல்லை. என் அட்டவணையில் ஓடைவரை நடந்து போனதற்கு மார்க் கிடையாது. அவருடைய அனுபவம் பன்னிரண்டு வருஷம், நிஜமாகவே பன்னிரண்டு. அதற்குப் பன்னிரண்டு மார்க். உன்னுடைய இல்லாத பதினேழுக்கு இருபது.

கூட்டிப் பார்த்துவிட்டேன். நீ இருந்தால் உன் நிறுவனம் எண்பத்து நான்கு, டேப்காரர் எழுபத்தேழு. நீ இல்லாவிட்டால் அவர்கள் அறுபத்து நான்கு.

"நான் இந்த நிறுவனத்தில் இல்லை." இவ்வளவுதான் வேண்டும். நான்கு வார்த்தை எழுதி உன் உண்மையான கையெழுத்தைப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பு. இருபத்தேழாம் தேதி காலைக்குள் வந்தால் போதும். உன் அம்மா குடியிருக்கும் தெரு, காம்பஸ். வேறு ஏதோ ஊர் இல்லை.

எதிர்பார்ப்புடன்,
ரப்பர்


ஜூலை 2

அன்புள்ள காம்பஸ்,

இருபத்தேழாம் தேதி காலை உன் மெயில் வந்தது. நான்கு வார்த்தை கேட்டேன், நீ நான்கு பக்கம் எழுதியிருந்தாய். ஆபீஸ் மாடிப்படியில் நின்று படித்தேன். கூட்டம் பதினோரு மணிக்கு. அதற்குள் மூன்று முறை படித்துவிட்டேன்.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்வதற்கு மன்னித்துக்கொள். சொல்லாவிட்டால் நான் புரிந்துகொண்டேனா என்று உனக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை உன் நிறுவனத்தார் உன் தகுதி விவரப் படிவத்தை அனுப்புகிறார்கள். எந்த வேலைக்கு என்று சொல்வதில்லை, நீயும் கேட்பதில்லை. உன் வீட்டுக்காரர் வேலைக்குப் போனபின் சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டு, ஈரம் காய்ந்ததா என்று தடவிப் பார்த்துவிட்டு, அதில் வைத்துக் கையெழுத்துப் போடுகிறாய். அந்த ஊரில் உன் பட்டத்துக்கு மதிப்பில்லை. திரும்பப் பரீட்சை எழுதலாம் என்றால் குட்டி. எந்தப் படிவத்திலும் தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு போடுகிறாய். "நாலு வருஷமா எனக்கு ப்ரமோஷன் கிடைக்கிறது அந்த ஒரு காகிதத்திலதான்டி. ஒவ்வொரு வருஷமும் ஒரு பாலமோ ஒரு வடிகாலோ கூடியிருக்கும். படிச்சுப் பார்ப்பேன். யாரோ ஒருத்தி நல்லா வேலை பார்த்துக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கும். தினமும் ஐடி கார்டு மாட்டிக்கிட்டுப் போற உனக்கு இது எங்க புரியும்."

புரிகிறது. அதுதான் தொல்லை. அந்த ஆறாவது பக்கத்து முப்பத்தொன்பது வயதுக்காரியை எனக்கும் பிடித்திருந்தது. வகுப்பில் முதல் ஆளாக வரைபடத்தை முடித்துவிட்டு, மேஜைக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் வேறு எப்படி ஆகியிருக்க வேண்டும். அவளுக்கு ஏழு வடிகால் கட்டத் தெரிந்திருக்கும். ஓடைவரை நடந்து போயிருப்பாள்.

கடைசிப் பக்கத்தில் அடுத்த வருஷம் திரும்பி வரலாம் என்று இருக்கிறோம், உன் ஆபீசில் ஏதாவது கிடைக்குமா பார் என்று எழுதியிருந்தாய். பொய்ச் சான்று கொடுத்த நிறுவனத்தை மட்டுமல்ல, கையெழுத்துப் போட்ட ஆளையும் ஐந்து வருஷம் தடைப் பட்டியலில் வைப்பார்கள். அந்த விதியையும் எழுதியது நான்தான்.

பதினோரு மணிக்கு உள்ளே போனேன். குழுத் தலைவர் என்ற கட்டத்தில் இருபது என்று எழுதினேன். பேனாவில்தான்.

உனக்காகச் செய்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. பாதி அதுதான். மீதிப் பாதி அந்தப் புதன்கிழமைப் படிவம். எந்தப் பாதி பெரியது என்று இந்த ஐந்து நாளாக அளந்துகொண்டிருக்கிறேன்.

முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய மறுநாள் டேப்காரர் வந்தார். சண்டை போட வரவில்லை. "எங்க மார்க் போச்சுன்னு தெரிஞ்சா அடுத்த தடவை திருத்திக்கலாம்" என்றார். அட்டவணையைக் காட்டினேன். நின்றுகொண்டே முழுவதும் படித்தார். "ரொம்பத் தெளிவா இருக்கு மேடம். யார் போட்டது?" என்றார். ஆபீசில் போட்டது என்றேன். கீழே இறங்கிப் போகும்போது டேப்பை இடுப்பிலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. அதனால் எழுதவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ரப்பர்


அக்டோபர் 14

அன்புள்ள காம்பஸ்,

மூன்று மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. குட்டி நடக்கிறான் என்று அம்மா சொன்னார். கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

நீ ஆகஸ்ட் மாதமே வேலையை விட்டுவிட்டாய், உனக்குத் தெரியுமோ என்னவோ. "சொந்தக் காரணங்களால்." உனக்குப் பதிலாக வந்த இணையான தகுதியுள்ளவர் போன வருஷம் படிப்பை முடித்த ஒரு பெண். ஒருமுறை ஆபீசுக்கு வந்தாள். தெருவுக்குப் போனாயா என்று கேட்டேன். "மேப்ல பார்த்தேன் மேடம்" என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

வரைபடங்கள் போன வாரம் வந்துவிட்டன. இருந்ததைவிட இரண்டு மடங்கு அகலமான வடிகால், அதே ஓடை, அதே வாய். டேப்காரர் எதைச் செய்யக் கூடாது என்றாரோ அதை அழகாக, சுத்தமான கோடுகளில் செய்திருக்கிறார்கள். ஆளை மாற்றியவர்கள் தாளின் மூலையில் இருக்கும் கட்டத்தை மாற்றவில்லை. பதினாறு தாளிலும் "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் உன் பெயர்தான் இருக்கிறது. இந்த வரைபடத்தை வைத்துக் கட்டுமான டெண்டர் திங்கட்கிழமை வெளியாகிறது. வெளியாகிவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது. செயற்பொறியாளரிடம் ஓடை மட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "கன்சல்டன்ட் சொல்லியிருக்காரு, கமிட்டி தேர்ந்தெடுத்த கன்சல்டன்ட். நீ யாரும்மா அதுக்கு மேல" என்றார். கமிட்டி என்பது யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டு, தினமும் போல ஆபீசுக்குப் போய் வந்துகொண்டு, உனக்கு எழுதாமலே இருந்திருப்பேன். நேற்று அம்மாவைப் பார்க்கப் போனேன்.

கதவைத் திறந்ததும் என்னவோ மாறியிருக்கிறதே என்று தோன்றியது. என்னவென்று பிடிபட ஒரு நிமிஷம் ஆனது. பிரிட்ஜ் தரையில் இருந்தது. செங்கல் பன்னிரண்டும் கழுவி, வாசலில் பூந்தொட்டிகளுக்கு அடியில் அடுக்கியிருந்தார். அலமாரியின் மேல் தூக்கிவைத்திருந்த மெத்தையையும் இறக்கியிருந்தார். உன் கல்லூரிப் புத்தகப் பெட்டிகள் பரணிலிருந்து கீழே வந்து, சுவரோரமாக நிற்கின்றன.

மண் பரிசோதனைக்குக் குழி தோண்ட வந்தவர்கள் ஒரு வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மோர் கொடுக்கப் போனவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். யாரு இது என்று கேட்டதற்கு, "அவங்கதாங்க பெரிய இன்ஜினியர், எல்லாத்தையும் பார்த்து ஓகே பண்றவங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா மோர்ச் செம்பை அவர்களிடமே கொடுத்துவிட்டாராம். உள்ளே வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாராம். பிறகு தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். "அங்க போய் அடுப்படியில கெடக்கிறாளேன்னு நெனச்சு நெனச்சு ராத்தூக்கம் போச்சு எனக்கு. அவ பாட்டுக்கு அங்கேர்ந்தே நம்ம தெருவுக்கு வேலை பார்த்திருக்கா பாரு. ஒரு வார்த்தை சொன்னாளா. கள்ளி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்ன உண்மை.

வடிகால் இன்னும் கட்டவே இல்லை அம்மா, இந்த மழைக்கு எப்படியும் தண்ணீர் வரும், கல்லை வையுங்கள் என்றேன். "குழி தோண்டியாச்சு, அளந்தாச்சு. என் பொண்ணு போட்ட ப்ளான். இனிமே நான் பிரிட்ஜை ஏத்தி வச்சா தெருவுல நாலு பேர் என்ன நெனப்பாங்க, பெத்தவளுக்கே நம்பிக்கை இல்லன்னு நெனக்க மாட்டாங்களா" என்றார். நானே தொட்டியை நகர்த்திக் கல்லை எடுக்கப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். முழங்கால் வலியோடு கீழே குனிந்து, நான் நகர்த்திய தொட்டியை மறுபடி கல் மேல் வைத்தார். பக்கத்து வீட்டிலும் கட்டிலை இறக்கிவிட்டார்களாம், உன் பெயரைக் கேட்டு. எதிர்வீட்டிலும்.

வீட்டுக்கு வந்து இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று கமிஷனருக்கு. அந்தக் குழுத் தலைவர் யார், எங்கே இருக்கிறார், எனக்கு என்ன உறவு, இருபது மார்க் போட்டபோது எனக்கு என்னென்ன தெரியும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. டேப்காரரின் ஒன்பது பக்கத்தையும் சேர்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை கொடுக்கப் போகிறேன். என் வேலை என்னாகும் என்று கேட்காதே, நானும் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை. உன் பெயர் என்னாகும் என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன். பதில் உனக்குத் தெரியும். அதனால்தான் இன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நீயே ஒரு வரி எழுதிவிட்டால், பிடிபட்டவள் என்றில்லாமல் தானாக வந்து சொன்னவள் என்று பதிவாகும். அந்தத் தடைப் பட்டியல் விதிக்குள் அப்படி ஒரு சின்ன வாசல் இருக்கிறது. எழுதும்போது யாரை நினைத்து அதை வைத்தேன் என்று இப்போது ஞாபகமில்லை. நீ எழுதாவிட்டாலும் நான் கொடுப்பேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதே. எப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

கமிஷனர் அதைப் படிப்பாரா, படித்து நிறுத்துவாரா, நிறுத்தினால் டேப்காரர் திரும்ப வருவாரா, எதுவும் எனக்குத் தெரியாது. அதெல்லாம் நடந்தாலும் அடுத்த மழைக்காலத்துக்குத்தான். இந்த மழை வந்துவிட்டது, காம்பஸ். இதை எழுதும்போதே ஜன்னல் விளிம்பு நனைகிறது.

இரண்டாவது கடிதம் இது. இதில் கேட்பது ஒன்றுதான். கமிஷனருக்கு எழுதுவதைப் பற்றி நாளை யோசி, நாளன்றைக்கு யோசி. இன்றைக்கு உன் அம்மாவைப் போனில் கூப்பிடு. நான் சொன்னால் அவர் கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பார். உண்மையைச் சொல்வாயோ, வேறு என்ன சொல்வாயோ, அது உன் இஷ்டம். பெரிய இன்ஜினியர் சொல்வதாகவே சொல். பிரிட்ஜைத் திரும்ப ஏற்றச் சொல். காலுக்கு மூன்று போதாது, நான்கு வைக்கச் சொல். கூடுதல் கல்லை நான் கொண்டு போகிறேன். புத்தகப் பெட்டிகளைப் பரணில் வைக்கவும் நான் வருகிறேன் என்று சொல்.

நீயும் குட்டியும் நன்றாக இருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பி வர வேண்டும். எப்போது வந்தாலும், எப்படி வந்தாலும், பேருந்து நிலையத்துக்கு நான் வருவேன்.

உன்,
ரப்பர்